திமிங்கிலத்துக்கு வாசனை தெரியுமா?

கேள்வி: தோட்டத் தமிழ்ப்பள்ளியில் ஐந்தாம் ஆண்டு படிக்கும் என் மகள் அறிவியல் விழாவுக்குத் திமிங்கிலம் பற்றி அட்டை தயாரிக்கிறாள். அதற்கு மோப்பமே இல்லை என்று ஒரு புத்தகத்தில் இருக்கிறது, உண்டு என்கிறது இன்னொன்று. எதை எழுதச் சொல்வது? – ஒரு தாய், பந்திங்

பதில்: 'எந்தத் திமிங்கிலம்?' என்று இரண்டு புத்தகமும் சொல்லவில்லை போலிருக்கிறது. சிக்கலே அங்கேதான் அம்மா. அட்டையின் நடுவில் ஒரு கோடு போடச் சொல்லுங்கள். ஒரு பக்கம் பல் உள்ளவை: டால்பின், ஸ்பெர்ம் திமிங்கிலம். மறுபக்கம் பல்லுக்குப் பதில் சல்லடைத் தகடு உள்ளவை: நீலத் திமிங்கிலம், கூன்முதுகுத் திமிங்கிலம். முதல் கூட்டத்துக்கு மோப்பம் இல்லை. இரண்டாவதுக்கு உண்டு, ஆனால் குறைவு.

ரப்பர் கட்டிப்பால் லோரி தெருமுனையில் திரும்பும்போதே நமக்குத் தெரிந்துவிடுகிறது அல்லவா? மூக்கின் உள்கூரையில் இருக்கும் நரம்புச் செல்களின் வேலை அது. ஒரு செல்லில் வாசனையைப் பிடிக்கும் ஏற்பி ஒரே வகைதான் இருக்கும். ஒவ்வொரு வகைக்கும் தனி மரபணு. விஞ்ஞானிகள் லிண்டா பக்கும் ரிச்சர்ட் ஆக்செலும் இந்த மரபணுக் குடும்பத்தை 1991-ல் கண்டுபிடித்தார்கள். 2004-ல் நோபல் பரிசு கிடைத்தது. நமக்கு வேலை செய்யும் மரபணுக்கள் சுமார் 400, மாட்டுக்கு ஆயிரத்துக்கும் மேல். திமிங்கிலமும் மாடு, நீர்யானைக்குச் சொந்தம்தான். ஆனாலும் சல்லடைக் கூட்டத்து மிங்கி திமிங்கிலத்தில் மிஞ்சியவை ஏறக்குறைய 60. டால்பினில் அநேகமாக எல்லாமே பழுது. மூளையில் வாசனைச் செய்தியை வாங்கும் மோப்பக் குமிழே கிடையாது.

பழுது என்றால் தொலைந்துபோகவில்லை. ஆட்கள் தாமானுக்குக் குடிபோன பழைய லயத்தைப் பார்த்திருப்பீர்கள். கூரை விழுந்திருக்கும், கதவில் வீட்டு எண் மட்டும் அப்படியே இருக்கும். அதேபோல மரபணுவும் இருந்த இடத்திலேயே கிடக்கிறது. நடுவில் எழுத்து மாறியோ விட்டுப்போயோ ஏற்பி உருவாவதில்லை. 'போலி மரபணு' என்பார்கள். எனக்கு அந்தப் பெயர் பிடிப்பதில்லை, ஒரு காலத்தில் நிஜமாக உழைத்ததுதானே! டால்பின் எதிரொலியை வைத்து இரை தேடப் பழகியதால், மூக்கு கெட்டாலும் பட்டினி கிடக்கவில்லை, பழுதுகள் தலைமுறைதோறும் சேர்ந்துகொண்டே போயின என்பதுதான் பொதுவான விளக்கம்.

சல்லடைக்காரர்களிடம் அந்த எதிரொலி வித்தை இல்லை. ஆர்க்டிக்கின் வில்தலைத் திமிங்கிலம் பற்றி 2011-ல் வெளியான ஆய்வில், மோப்பக் குமிழ் இருந்தது, ஏற்பி மரபணுக்களில் பாதி கெடாமல் இருந்தன. குட்டி இறால் போன்ற கிரில் கூட்டம் நுண்பாசியை மேயும் இடத்தில் கந்தகம் கலந்த ஒரு வாடை கிளம்பும். அதைப் பிடித்துக்கொண்டு அவை இரையிடம் போகக்கூடும்.

சரி, நடுவர் கட்டாயம் ஒன்று கேட்பார்: தண்ணீருக்குள் எப்படி மோப்பம் பிடிக்கும்? பிடிக்காது. உள்ளே போனதும் மூக்குத் துவாரம் மூடிக்கொள்ளும். மேலே வந்து மூச்சு இழுக்கும்போதுதான் வாசனை. அப்புறம், படம் வரையும்போது கவனம். பல் உள்ளதுக்குத் துவாரம் ஒன்று, சல்லடை உள்ளதுக்கு இரண்டு. பல படங்களில் நீலத் திமிங்கிலத்துக்கும் ஒன்றையே போட்டுவைத்திருப்பார்கள்.