டிசம்பர் மாநாட்டைப் பிப்ரவரிக்கு மாற்ற

மாநாட்டு மாதத்தை மாற்றும் யோசனையைப் பொதுக்குழுவில் மறுபடியும் எடுக்காதீர்கள், முதலில் அதை எதிர்க்கும் உங்கள் சங்கத்தின் மூன்று முன்னாள் தலைவர்களையும் தனித்தனியாக வீட்டில் போய்ப் பாருங்கள். புதுச் செயலாளராக வந்த உடனே, கடலூரில் டிசம்பரில் நடக்கும் சங்க மாநாட்டைப் பிப்ரவரிக்கு மாற்றலாம் என்று சபையிலேயே சொல்லிவிட்டீர்கள். அவர்களுக்கு மாதம் பெரிய விஷயமாக இருக்காது, இத்தனை வருஷம் தாங்கள் கட்டி வளர்த்ததையே குறை சொன்னதாகப் பட்டிருக்கும். எங்கள் சங்கத்தில் மூத்தவர் ஒருவரிடம் "நீங்களே முன்மொழியுங்கள் ஐயா" என்று கேட்ட பிறகுதான் காரியம் நகர்ந்தது.

காரணம் கேட்டால் மழையைச் சொல்லுங்கள். 2011 டிசம்பர் 30இல் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையைக் கடந்தது, 2024 நவம்பர் 30இல் ஃபெஞ்சல் வந்தது. நம்மூரில் இதை யாரும் மறந்திருக்க மாட்டார்கள்.

அப்புறம், இன்றே துணைவிதியை, அதாவது சங்கத்தின் சொந்த விதிகளை, எடுத்துப் பாருங்கள். மாதம் அதில் எழுதப்படவில்லை என்றால் செயற்குழுத் தீர்மானமே பெரும்பாலும் போதும். எழுதியிருந்தால் திருத்தம் வேண்டும்: தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975இன்படி 21 நாள் முன்னறிவிப்பு கொடுத்து, சிறப்புத் தீர்மானமாக, நாலில் மூன்று பங்கு ஆதரவோடு. புதுச்சேரியில் பதிவான சங்கம் என்றால் அங்கே 1860ஆம் வருஷத்துச் சட்டம், இந்தக் கணக்கு பொருந்தாது.

ஆண்டுப் பொதுக்கூட்டத்தையும் மாநாட்டோடு சேர்த்து நடத்துகிறீர்கள் என்றால் ஆடிட்டரிடம் கேட்காமல் அதைத் தள்ளிவைக்க வேண்டாம். தை, மாசி கல்யாணக் காலம் வேறு, மண்டபத்துக்கு இப்போதே சொல்லி வையுங்கள்.