மானியம் வேண்டாம் என்கிறது பள்ளி நிர்வாகம்: ஊர்க்காரர்கள் கேட்ட கேள்விகளும் பதில்களும்

நாங்குநேரி பக்கத்து ஊர் ஒன்றில் அரசு உதவி பெறும் நடுநிலைப் பள்ளி இருக்கிறது. வரும் ஜூன் முதல் அரசு மானியத்தை விட்டுவிட்டு, சுயநிதி ஆங்கிலவழிப் பள்ளியாக மாறப்போகிறோம் என்று பெற்றோர் கூட்டத்தில் வாய்வார்த்தையாகச் சொல்லியிருக்கிறார்கள். யார் கையிலும் காகிதம் இல்லை. கல்வி அலுவலகத்தில் உதவி பெறும் பள்ளிகளின் கோப்புகளைப் பார்த்து, கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றவன் நான். அதனால் அந்த ஊர்க்காரர்களும் சுற்றுவட்டாரத்தினரும் என்னிடம் கேட்கிறார்கள். பலரும் கேட்டதை இங்கே சேர்த்துப் பதில் எழுதுகிறேன்.

ஒரு தாயார்: அண்ணாச்சி, கட்டடம் அதேதான், பேரும் அதேதான் என்கிறார்கள். அப்புறம் பிள்ளைகளுக்கு என்னதான் மாறும்?

வாத்தியாருக்குச் சம்பளம் கொடுப்பது யார் என்பது மாறும். மற்றதெல்லாம் அதன் பின்னாலேயே வரும். இப்போது அங்கீகரிக்கப்பட்ட பணியிடங்களுக்குச் சம்பளம் அரசின் கற்பித்தல் மானியத்திலிருந்து வருகிறது. அதனால்தான் தமிழ்வழியில் படிக்கிற உங்கள் பிள்ளைக்குக் கல்விக் கட்டணம் இல்லை. மானியம் போய்விட்டால் அந்தச் சம்பளத்தை நீங்கள் கட்டும் பணத்திலிருந்துதான் எடுக்க வேண்டும். எவ்வளவு வாங்கலாம் என்பதை 2009 ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஓய்வு பெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையிலான கட்டண நிர்ணயக் குழு முடிவு செய்யும். வேன், சீருடை, நோட்டு என்று வேறு பேரில் வருவதையும் கணக்கில் சேர்த்துப் பாருங்கள்.

அடுத்தது சாப்பாடு. 1956-இல் காமராசர் மதிய உணவுத் திட்டத்தை எட்டயபுரத்தில் தொடங்கியபோது அது நம் திருநெல்வேலி மாவட்டத்தில்தான் இருந்தது. அன்று முதல் உதவி பெறும் பள்ளிப் பிள்ளைகளும் அதில் உண்டு. காலை உணவும் 2024 ஜூலை முதல் கிராமப்புற உதவி பெறும் பள்ளிகளில் ஐந்தாம் வகுப்பு வரை வந்துவிட்டது. சுயநிதிப் பள்ளிக்கு இந்த இரண்டும் இல்லை. விலையில்லாப் பாடநூலும் சீருடையும் இல்லை. விடியுமுன் வயலுக்குப் போகிற தாய்மார் உள்ள ஊரில் காலையில் கிடைக்கிற அந்தப் பொங்கலும் உப்புமாவும் சின்ன விஷயமில்லை.

மூன்றாவதைப் பெரும்பாலானோர் கவனிப்பதே இல்லை. கல்லூரிக்குப் போகும் பெண் பிள்ளைக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டமும், பையன்களுக்கான தமிழ்ப்புதல்வன் திட்டமும் உதவி பெறும் பள்ளியில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கும் உண்டு. ஆனால் ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை தொடர்ந்து அரசுப் பள்ளியிலோ உதவி பெறும் பள்ளியிலோ படித்திருக்க வேண்டும். உங்கள் பள்ளியில் இருப்பது எட்டு வரை. ஆறு, ஏழு, எட்டைச் சுயநிதிப் பள்ளியில் கட்டணம் கட்டிப் படித்துவிட்டு ஒன்பதாம் வகுப்பில் அரசுப் பள்ளிக்குப் போனால் அந்தத் தொடர்ச்சி அறுந்துபோகும். இன்று ஐந்தாம் வகுப்பில் இருக்கும் பிள்ளைக்கு இதன் நஷ்டம் பல வருடம் கழித்துத்தான் தெரியும்.

பழைய மாணவர் ஒருவர்: தாளாளர் நினைத்தால் அப்படியே மாற்றிவிட முடியுமா?

முடியாது. பள்ளியை நடத்துவது கல்வி முகமை, அதாவது பள்ளியை வைத்திருக்கும் அறக்கட்டளையோ சங்கமோ திருச்சபையோ. அதன் கீழே சட்டப்படி ஒரு பள்ளிக் குழு இருக்க வேண்டும். அங்கே தீர்மானம் போட்டு, கல்வித் துறைக்கு எழுதி, துறை ஒப்புக்கொண்டு ஆணை வந்தால்தான் மாற்றம். 1973 ஆம் ஆண்டு தனியார் பள்ளிகள் சட்டத்தின் இடத்தில், 2018-இல் நிறைவேறிய புதிய சட்டம் 2023-இல் நடைமுறைக்கு வந்தது. உதவி பெறும் பள்ளியும் அதற்குள் அடக்கம். இருக்கிற வகுப்பை மூடுவதென்றாலும் முன்கூட்டி எழுத்தில் தெரிவிக்க வேண்டும். படிக்கிற பிள்ளைகள் தொடர்ந்து படிக்க என்ன ஏற்பாடு என்றும் சொல்ல வேண்டும்.

ஆகவே முதலில் தீர்மானத்தின் நகலைக் கேளுங்கள். தேதி, யார் யார் கையெழுத்து, என்ன காரணம் என்று மூன்றையும் பாருங்கள். நகல் இல்லை என்றால் இன்னும் ஒன்றும் நடக்கவில்லை என்றுதான் பெரும்பாலும் அர்த்தம். உங்கள் கையில் நேரம் இருக்கிறது.

இன்னொன்றை அழுத்திச் சொல்கிறேன். 1991-92 கல்வியாண்டு முதல் தொடங்கிய தனியார் பள்ளிக்கும் வகுப்புக்கும் மானியம் கிடையாது என்பது தமிழ்நாட்டில் முப்பது வருடத்துக்கு மேலாக நிற்கிற ஏற்பாடு. 'சும்மா சோதனைக்கு மாறிப் பார்ப்போம், சரிவரவில்லை என்றால் திரும்ப மானியத்துக்கு வந்துவிடலாம்' என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். போனால் போனதுதான் என்று வைத்துக்கொண்டே முடிவெடுங்கள்.

விவசாயி ஒருவர்: பள்ளிக்கூடம் இருக்கிற இடம் எங்கள் தாத்தா கொடுத்தது. அதையும் சேர்த்துக் கொண்டுபோய்விடுவார்களா?

இந்தக் கேள்விக்கு நின்று பதில் சொல்ல வேண்டும். நம் பக்கத்துப் பள்ளிக்கூடங்கள் பலவும் ஊர்க்காரர்கள் கொடுத்த இடத்தில் எழும்பியவை. மிஷன் பள்ளியோ சங்கப் பள்ளியோ, ஒருவர் நிலம் கொடுத்திருப்பார், இன்னொருவர் கூரைக்குப் பனங்கை கொடுத்திருப்பார், ஊரே மண் சுமந்திருக்கும். ஆனால் 'கொடுத்தார்' என்ற ஊர்ப்பேச்சு ஒன்று, பத்திரம் வேறொன்று.

சார்பதிவாளர் அலுவலகத்தில் அந்தச் சர்வே எண்ணுக்கு வில்லங்கச் சான்று போடுங்கள். பழைய வருடங்களுக்குக் கையால் தேடச் சொல்லி மனு எழுத வேண்டியிருக்கும். தானப் பத்திரம் இருந்தால் நகல் எடுங்கள். அதில் இரண்டு வரியைத்தான் பார்க்க வேண்டும். ஒன்று, யாருக்கு எழுதியிருக்கிறது: தனி ஆளுக்கா, அறக்கட்டளைக்கா, சங்கத்துக்கா, திருச்சபைக்கா? இரண்டாவது, எதற்காக எழுதியிருக்கிறது. 'பள்ளிக்கூட உபயோகத்துக்காக மட்டும்' என்பது போல நிபந்தனை இருந்தால் அந்த வரிக்கு அடியில் கோடு போட்டு ஒரு வக்கீலிடம் காட்டுங்கள். பத்திரமே இல்லையென்றால் கிராம நிர்வாக அலுவலரிடம், ஊர் நில விவரம் எழுதியிருக்கும் 'அ' பதிவேட்டில் என்ன வகைப்பாடு என்று கேளுங்கள். நத்தம், புறம்போக்கு என்று இருந்தால் விஷயமே வேறு.

சுயநிதியாக மாறுவதால் மட்டும் நிலத்தின் உரிமை யாருக்கும் கைமாறிவிடாது. ஆனால் மானியம் இருக்கும்வரை பள்ளிச் சொத்தை விற்கவோ அடமானம் வைக்கவோ துறையின் அனுமதி வேண்டும் என்ற கட்டுப்பாடு இருக்கிறது. அதைத் தளர்த்திக்கொள்ளத்தான் இந்த மாற்றமா என்று கேட்க ஊருக்கு உரிமை உண்டு. முகப்பில் பதித்திருக்கும் நன்கொடையாளர் கல்வெட்டைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அது உரிமைப் பத்திரம் ஆகாது, ஆனால் ஊர்ப் பங்குக்குச் சாட்சி. வெள்ளையடிக்கும்போது இந்தக் கல்வெட்டுகள்தான் முதலில் மறைகின்றன.

இளம் தகப்பன் ஒருவர்: சார், ஆங்கிலவழி வேண்டும் என்று நாங்களே கேட்டோம். அதை ஏன் தடுக்க வேண்டும்?

தடுக்கச் சொல்லவில்லை தம்பி. ஆங்கிலம் வேண்டும் என்ற உங்கள் ஆசை நியாயம். ஆனால் ஆங்கிலவழியும் சுயநிதியும் ஒன்றல்ல. நிர்வாகம் இரண்டையும் ஒரே பொட்டலமாகக் கட்டித் தருகிறது. பிரித்துக் கேளுங்கள்.

உதவி பெறும் பள்ளியிலேயே தமிழ்வழியை அப்படியே வைத்துக்கொண்டு, கூடுதலாகக் கட்டண ஆங்கிலவழிப் பிரிவு நடத்துகிற பள்ளிகள் நெல்லையிலும் பாளையங்கோட்டையிலும் உண்டு. அதிலும் ஓர் ஆபத்து இருக்கிறது. ஒவ்வொரு வருடமும் ஆகஸ்ட் 1-ஆம் தேதி இருக்கிற மாணவர் எண்ணிக்கையை வைத்துத்தான் பணியாளர் நிர்ணயம், அதாவது எத்தனை ஆசிரியர் பணியிடம் என்ற கணக்கு, நடக்கிறது: தொடக்க வகுப்பில் 30 பேருக்கு ஓர் ஆசிரியர், ஆறு முதல் எட்டு வரை 35-க்கு ஒருவர். தமிழ்வழிப் பிள்ளைகளைக் கட்டணப் பிரிவுக்கு நகர்த்த நகர்த்த, மானியப் பணியிடம் ஒவ்வொன்றாகக் குறையும். 'உபரி' என்று ஆசிரியரை வேறு பள்ளிக்கு மாற்றுவார்கள். எந்த அறிவிப்பும் இல்லாமல், ஏழெட்டு வருடத்தில் ஓர் உதவி பெறும் பள்ளி தானாகவே கரைந்துவிடும். என் கண்முன்னே அப்படிக் கரைந்த கோப்புகளைப் பார்த்திருக்கிறேன். ஒருநாளும் யாரும் கூட்டம் போட்டுத் தடுத்ததில்லை, ஏனென்றால் எந்த ஒரு நாளிலும் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை.

அப்புறம், தமிழ்வழியில் படித்தவர்களுக்கு அரசு வேலையில் 20 சதவீத முன்னுரிமை இருக்கிறது. அதற்கான 2010 சட்டத்தில் 2020-இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு பள்ளிப் படிப்பும் தமிழ்வழியில் இருக்க வேண்டும். ஒன்றாம் வகுப்பில் எடுக்கிற முடிவு அங்கே வரை போகும் என்பதைத் தெரிந்துகொண்டு முடிவெடுங்கள்.

பீடி சுற்றும் தாய், முக்கூடல்: தனியார் பள்ளியில் ஏழைப் பிள்ளைகளுக்கு 25 சதவீத இடம் உண்டே அண்ணாச்சி, அதில் என் மகள் படித்துக்கொள்வாளா?

அம்மா, அந்த இடம் நுழைவு வகுப்பில்தான், அதாவது எல்.கே.ஜி. அல்லது ஒன்றாம் வகுப்பில். நான்காம் வகுப்பில் இருக்கும் உங்கள் மகள் அதே பள்ளியிலேயே உட்கார்ந்திருந்தாலும் அந்த ஒதுக்கீட்டுக்குள் வரமாட்டாள். சின்ன பிள்ளை இருந்தால் அதற்கு விண்ணப்பிக்கலாம். நலிந்த பிரிவுக்கு ஆண்டு வருமானம் 2 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். மூத்தவளுக்கு என்ன வழி என்று நிர்வாகத்திடம் எழுத்தில் கேளுங்கள். 'இப்போது படிக்கிற பிள்ளைகள் எட்டாம் வகுப்பு முடிக்கும்வரை கட்டணம் இல்லை' என்று அவர்கள் எழுதித் தர வேண்டும். வாயால் சொன்னால் அடுத்த வருடமே மறந்துவிடும்.

ஆசிரியை ஒருவர், பேர் வேண்டாம் என்றார்: எங்கள் வேலை?

அங்கீகரிக்கப்பட்ட பணியிடத்தில் இருப்பவரை நிர்வாகம் தன் விருப்பத்துக்கு வெளியே அனுப்ப முடியாது. துறையின் முன் அனுமதி வேண்டும். உங்கள் நியமன ஒப்புதல் ஆணை, பணிப்பதிவேட்டின் நகல் இரண்டையும் வீட்டில் வைத்திருங்கள். தேதி போடாத விருப்பக் கடிதம் எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள்.

ஒருவர், பாளையங்கோட்டை: சிறுபான்மைப் பள்ளி என்றால் யாரும் கேள்வியே கேட்க முடியாதாமே?

மிஷனரி ரேனியஸ் 1820-இல் பாளையங்கோட்டைக்கு வந்த காலம் தொட்டு நம் சீமையில் எழுத்தறிவு பரவியதில் மிஷன் பள்ளிகளின் பங்கை யாரும் மறுக்க முடியாது. அரசியல் சட்டத்தின் 30-ஆம் பிரிவு சிறுபான்மையினருக்குத் தங்கள் பள்ளியை நடத்தும் உரிமையைத் தருகிறது. கல்வி உரிமைச் சட்டம் அவர்களுக்குப் பொருந்தாது என்று 2014-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. மானியம் வேண்டாம் என்று முடிவெடுப்பதிலும் அவர்களுக்குச் சுதந்திரம் அதிகம். ஆனால் கேள்வி கேட்பதை எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. மானியம் வாங்கும்வரை மதம், சாதி, மொழி பார்த்து ஒரு பிள்ளைக்கு இடம் மறுக்க முடியாது என்று 29-ஆம் பிரிவு சொல்கிறது.

சாதிச் சங்கங்கள் நடத்தும் பள்ளி சிறுபான்மைப் பள்ளி ஆகாது. அங்கே எனக்கு வேறொரு கவலை உண்டு. 2023-இல் நாங்குநேரியில் ஒரு மாணவனை அவன் வீட்டுக்குள்ளேயே புகுந்து சக மாணவர்கள் வெட்டியதற்குப் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, பள்ளிப் பேர்களில் இருந்து சாதியை எடுக்கச் சொன்னது. எல்லாத் தெருப் பிள்ளைகளும் கட்டணமில்லாமல் ஒரே பெஞ்சில் உட்காரும் இடம் ஓர் ஊரில் ஒன்றாவது இருக்க வேண்டும். கட்டணம் வந்தால் அந்தப் பெஞ்சிலிருந்து முதலில் எழுந்து போகப்போவது எந்தத் தெருப் பிள்ளைகள் என்று உங்களுக்கே தெரியும்.

நிர்வாகத்துக்கு வேண்டியவர் ஒருவர்: நீங்கள் ஒரு பக்கமே பேசுகிறீர்கள். பராமரிப்பு மானியத்தில் ஓடு மாற்றக்கூட முடியவில்லையே?

உண்மைதான். பராமரிப்பு மானியம் மிகக் குறைவு. காலிப் பணியிடத்தை நிரப்ப ஒப்புதல் வாங்குவதற்குள் நிர்வாகம் களைத்துப்போகிறது. கட்டடப் பொறுப்பு முழுவதும் உங்கள் தலையில். 2021 டிசம்பரில் நெல்லையில் ஓர் உதவி பெறும் பள்ளியில் கழிவறைச் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள் இறந்தார்கள். அந்தப் பயம் எந்தத் தாளாளருக்கும் இருக்கும். ஆனால் அதற்கு மருந்து மானியத்தை விடுவதில்லை. கணக்கை ஊருக்கு முன்னால் வையுங்கள். கூரைக்கு எவ்வளவு, கழிவறைக்கு எவ்வளவு என்று பொறியாளர் மதிப்பீட்டோடு கேட்டால், வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருக்கும் பழைய மாணவர்கள் கொடுப்பார்கள். கோயில் கொடைக்கு வரி போட்டுக் கொடுக்கிற ஊர்கள் நம்முடையவை.

இன்னொருவர்: அரசே எடுத்து நடத்தட்டுமே?

நிர்வாகம் நிலம், கட்டடத்தோடு எழுதிக்கொடுக்க முன்வந்தால் அரசிடம் கேட்டுப்பார்க்கலாம். அரசுப் பள்ளியானால் மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத ஒதுக்கீட்டுக்கும் வழி பிறக்கும். உதவி பெறும் பள்ளிக்கு அது இன்று இல்லை. ஆனால் பக்கத்திலேயே அரசுப் பள்ளி இருந்தால் இணைத்துவிடுவார்கள். அதையும் யோசியுங்கள்.

எங்கே மனு கொடுப்பது என்று பலர்:

முதலில் பள்ளி மேலாண்மைக் குழுவைக் கூட்டுங்கள். உதவி பெறும் பள்ளியில் அதற்கு ஆலோசனை சொல்லும் அதிகாரம்தான். ஆனாலும் அங்கே பதிவாகும் எதிர்ப்பு கோப்பில் நிற்கும். சுயநிதியாகிவிட்டால் அந்தக் குழுவே கட்டாயமில்லை. அடுத்து, கிராம சபையில் தீர்மானம். பிறகு மாவட்டக் கல்வி அலுவலருக்கும் முதன்மைக் கல்வி அலுவலருக்கும் மனு, திங்கள்கிழமை கொக்கிரகுளத்தில் ஆட்சியரின் குறைதீர்க்கும் கூட்டத்தில் அதன் நகல். ஒப்புகைச் சீட்டு இல்லாமல் திரும்பாதீர்கள்.

கூடவே 10 ரூபாய் கட்டணத்தோடு கல்வி அலுவலகத்துக்குத் தகவல் உரிமை மனு ஒன்று: இந்தப் பள்ளியிலிருந்து மானியத்தைத் துறக்கக் கோரிக்கை வந்திருக்கிறதா, வந்தால் நகல், கடந்த ஐந்து ஆண்டின் பணியாளர் நிர்ணய ஆணைகள். 30 நாளில் பதில் தர வேண்டும். கோபத்தை மனுவில் எழுதாதீர்கள், கேள்வியை மட்டும் எழுதுங்கள்.

கடைசியாக, ஒரு தாத்தா: பேசாமல் இப்போதே டி.சி. வாங்கி வேறு பள்ளியில் சேர்த்துவிடட்டுமா?

டி.சி. கேட்டால் மறுக்க முடியாது, அது உங்கள் உரிமை. ஆனால் இப்போது வேண்டாம் ஐயா. இருபது பேர் இப்போது வெளியேறினால் ஆகஸ்ட் எண்ணிக்கையில் ஒரு வாத்தியார் பணியிடம் போகலாம். பிள்ளைகள் இல்லை, அதனால் மாறுகிறோம் என்று நிர்வாகம் எழுத அதுவே போதும். பேரன் அந்தப் பள்ளியிலேயே இருக்கட்டும். எழுத்துப்பூர்வமான பதில் வந்த பிறகு எல்லோரும் சேர்ந்து முடிவெடுங்கள்.