அலுவலகம் திரும்பச் சொல்கிறார்கள்: வேலையை விட்டுவிடலாமா?

கேள்வி: எனக்கு வயது 34. சென்னை ஓ.எம்.ஆர். சாலையில் அலுவலகம் உள்ள ஒரு பெரிய ஐ.டி. நிறுவனத்தில் ஒன்பது ஆண்டு இரண்டு மாதங்களாகப் பணிபுரிகிறேன். 2020 ஊரடங்கின்போது சொந்த ஊரான திருநெல்வேலிக்கு வந்தவன் இங்கேயே தங்கி, 2022-இல் பாளையங்கோட்டையில் கடன் வாங்கி வீடும் வாங்கினேன். கடன் பாக்கி 32 லட்சம், மாதத் தவணை 31,000 ரூபாய். என் மாதச் சம்பளம் 1,05,000. அதில் அடிப்படைச் சம்பளம் 50,000. பி.எஃப்., வரி போகக் கையில் 92,000 வருகிறது. இது தவிர ஆண்டுக்கு 1,20,000 வேரியபிள் பே (நிலையாக இல்லாமல் கூடிக் குறையும் ஊக்கத்தொகை) உண்டு. மனைவி இங்குள்ள தனியார் பள்ளியில் ஆசிரியை, சம்பளம் 22,000. மகள் யு.கே.ஜி. படிக்கிறாள். வயதான பெற்றோர் எங்களுடன் இருக்கிறார்கள். வங்கியில் 2 லட்சமும் மியூச்சுவல் ஃபண்டில் 3 லட்சமும் சேமிப்பு இருக்கிறது.

அடுத்த மாதத்திலிருந்து வாரத்தில் ஐந்து நாளும் அலுவலகம் வர வேண்டும் என்றும், வருகை 60 சதவீதத்துக்குக் குறைந்தால் வேரியபிள் பே கிடையாது என்றும் உத்தரவு வந்திருக்கிறது. எங்கள் குழுவில் சிலர் ஒன்றாக ராஜினாமா செய்யலாம் என்கிறார்கள். சிலர் மனு எழுதுகிறார்கள். காலையில் அடையாள அட்டையைத் தேய்த்துவிட்டுப் பத்து மணிக்குத் திரும்பிவிடலாம் என்று சொல்பவர்களும் உண்டு. திருநெல்வேலியிலேயே ஒரு சிறு மென்பொருள் நிறுவனம் மாதம் 70,000 தருவதாகச் சொல்கிறது. பி.எஃப். சட்டப்படியான குறைந்த அளவுக்குத்தான் பிடிப்பார்களாம். நான் என்ன செய்வது?

பதில்: அன்புள்ள வாசகருக்கு, உங்கள் குழுவில் எழுந்திருக்கும் கோபத்தை நான் நியாயமானதாகவே பார்க்கிறேன். வீட்டிலிருந்து வேலை பார்த்த இத்தனை ஆண்டுகளும் சென்னை வாடகையும் பயணச் செலவும் இல்லாமல் உங்களுக்கு மிஞ்சிய பணம், ஆஃபர் லெட்டரில் எழுதப்படாத ஒரு சம்பள உயர்வு. அதை நம்பித்தான் வங்கியில் கையெழுத்துப் போட்டு 31,000 ரூபாய் தவணையை ஏற்றுக்கொண்டீர்கள். இப்போது அந்த உயர்வு திரும்பப் பெறப்படுகிறது என்றால், சம்பளச் சீட்டில் ஓர் எண்கூட மாறாவிட்டாலும் அது சம்பளக் குறைப்புதான். ஆகவே எத்தனை ரூபாய்க் குறைப்பு என்பதை முதலில் கணக்கிட்டு, அந்தத் தொகையை வைத்து முடிவெடுங்கள். கோபத்தின் அளவை வைத்து எடுக்க வேண்டாம்.

இது உங்கள் நிறுவனத்தில் மட்டும் நடப்பதன்று. டி.சி.எஸ். நிறுவனம் 2023 அக்டோபரிலிருந்து வாரம் ஐந்து நாள் அலுவலகம் என்று அறிவித்து, 2024-இல் வருகை விகிதத்தைக் காலாண்டு வேரியபிள் பேயுடன் இணைத்தது: 60 சதவீதத்துக்குக் கீழே எதுவும் இல்லை, 75 வரை பாதி, 85 வரை முக்கால், அதற்கு மேல் முழுத் தொகை. அமேசான் 2025 ஜனவரி முதல் உலகெங்கும் ஐந்து நாள் வருகையைக் கட்டாயமாக்கியது. சீனாவின் டிரிப்.காம் நிறுவனத்தில் 1,612 ஊழியர்களைக் கொண்டு நடத்தப்பட்டு 2024-இல் 'நேச்சர்' இதழில் வெளியான ஆய்வு, வாரம் இரண்டு நாள் வீட்டிலிருந்து வேலை பார்க்க அனுமதித்தபோது வேலையை விட்டுச் செல்பவர்கள் மூன்றில் ஒரு பங்கு குறைந்ததையும், பெண்களிடமும் நெடுந்தூரம் பயணிப்பவர்களிடமும் அந்தப் பலன் கூடுதலாக இருந்ததையும் காட்டியது. தூரத்தில் இருப்பவர்களுக்குத்தான் இந்த உத்தரவு மிகவும் வலிக்கும் என்பது எல்லா இடத்திலும் ஒன்றுதான்.

இனி உங்கள் கணக்கைப் பார்ப்போம். குடும்பத்தைப் பாளையங்கோட்டையிலேயே விட்டுவிட்டு நீங்கள் மட்டும் சென்னை செல்வதாக வைத்துக்கொண்டால், சோழிங்கநல்லூர் பக்கம் சாப்பாட்டுடன் பி.ஜி. விடுதியில் தனி அறைக்கு 13,000, மாதம் இருமுறை ஊருக்கு வந்து போக 5,500, உள்ளூர்ப் போக்குவரத்துக்கு 2,500, மதியச் சாப்பாடு மற்றும் சில்லறைச் செலவுக்கு 3,000 என்று ஏறத்தாழ 24,000 ஆகும். ரயில் முன்பதிவு இப்போது 60 நாட்களுக்கு முன்புதான் திறக்கிறது; நெல்லை எக்ஸ்பிரஸில் வெள்ளிக்கிழமை இரவுக்கான இடத்தைத் தவறவிட்டால் ஆம்னி பேருந்துக் கட்டணம் இந்தக் கணக்கைக் கலைத்துவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள். 92,000-த்தில் 24,000 போக மீதி 68,000. உள்ளூர் நிறுவனத்தின் 70,000-த்தில் பி.எஃப். 1,800 போக, வருமான வரி ஏதும் இல்லாமல், கைக்கு வருவதும் அதே 68,000. பெரிய நிறுவனத்துக்கும் சிறிய நிறுவனத்துக்கும் இடையில் மாதம் 24,000 ரூபாய் இடைவெளி இருப்பதாக நீங்கள் எண்ணியிருந்தால், வீட்டுச் செலவுக்கு வரும் பணத்தைப் பொறுத்தவரை அந்த இடைவெளி இப்போது இல்லை.

இடைவெளி இருப்பது உங்கள் கைக்கு உடனே வராத பணத்தில். இன்று உங்கள் பங்கும் நிறுவனத்தின் பங்கும் சேர்ந்து மாதம் 12,000 பி.எஃப். கணக்கில் சேர்கிறது, புதிய இடத்தில் அது 3,600 ஆகிவிடும். ஆண்டுக்கு இதில் மட்டும் ஒரு லட்ச ரூபாய் குறைகிறது. அடிப்படைச் சம்பளம் 50,000 என்பதால் ஒவ்வோர் ஆண்டுப் பணிக்கும் குறைந்தது 28,846 ரூபாய் கிராஜுவிட்டியும் (வேலையை விட்டு விலகும்போது தரப்படும் பணிக்கொடை) சேர்ந்துகொண்டிருக்கிறது. இவற்றுக்கு மேல் வேரியபிள் பே.

அந்த வேரியபிள் பேயைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் உங்கள் குழுவினரின் அச்சம் முழுவதும் அதைச் சுற்றியே இருக்கிறது. 2025-26 நிதியாண்டு முதல் புதிய வரி முறையில் சம்பளக்காரர்களுக்கான நிலைக்கழிவு (ஸ்டாண்டர்ட் டிடக்ஷன்) 75,000 போக 12 லட்சம் வரையான வருமானத்துக்கு வரி இல்லை. உங்கள் ஆண்டுச் சம்பளம் 12,60,000. நிலைக்கழிவு போக 11,85,000. வேரியபிள் பே வராத ஆண்டில் நீங்கள் ஒரு ரூபாய்கூட வரி கட்ட வேண்டியதில்லை. 1,20,000 முழுமையாக வந்தாலோ வருமானம் 13,05,000 ஆகி, செஸ் என்னும் கூடுதல் தீர்வை உட்பட 78,780 ரூபாய் வரி விழுகிறது. இந்த வரியை மாதாமாதம் பிடித்த பிறகுதான் இப்போது உங்கள் கையில் 92,000 வருகிறது. அதாவது, இழந்துவிடுவோமோ என்று நீங்கள் பயப்படும் ஒரு லட்சத்து இருபதாயிரத்தில் உங்களுக்கு உண்மையில் மிஞ்சுவது 41,000 சொச்சம்தான். பாதி மட்டும் வந்தால், வரம்பைச் சற்றே தாண்டுவோருக்கான விளிம்புநிலை வரிச் சலுகையைக் கழித்தாலும் 60,000-த்தில் ஏறத்தாழ 13,000 ரூபாய்தான் நிற்கும். சம்பளம் 20 லட்சம் வாங்கும் உங்கள் மேலாளருக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. உங்கள் சம்பளம் வரம்பின் ஓரத்தில் நிற்பதால் உங்களுக்குப் பொருந்துகிறது. மாதம் மூவாயிரத்துச் சொச்சம் மதிப்புள்ள ஒன்றுக்காக உங்கள் குடும்பத்தின் இருப்பிடத்தை முடிவு செய்யாதீர்கள்.

இவை அனைத்தையும், வேரியபிள் பே குறையும் ஆண்டில் பிடிக்கப்படாமல் மிஞ்சும் வரியையும் கூட்டினால், சென்னைக்குத் தனியாகச் செல்வதால் உள்ளூர் வேலையைவிட ஆண்டுக்கு உங்களுக்குக் கூடுதலாகச் சேர்வது இரண்டு லட்சத்திலிருந்து இரண்டரை லட்சம் வரை. அதில் பாதிக்கு மேல் ஓய்வுக்காலத்துக்கான பணம். மனைவியையும் மகளையும் பெற்றோரையும் மாதம் இருமுறை மட்டும் பார்ப்பதற்கான விலை அது. என்னைக் கேட்டால், உள்ளூர் நிறுவனம் 80,000-க்கு இசைந்து, பி.எஃப். பங்களிப்பையும் முழு அடிப்படைச் சம்பளத்துக்குச் செலுத்தினால், தயங்காமல் அங்கே செல்லச் சொல்வேன். 70,000-லேயே நின்றால் முடிவு உங்களுடையதும் உங்கள் மனைவியுடையதும். எதை எடுத்தாலும் தவணை தவறாது.

குடும்பத்தோடு சென்னைக்குக் குடிபெயர்வது மூன்றாவது வழி. நாவலூர்ப் பக்கம் இரண்டு படுக்கையறை வீட்டுக்கு வாடகை 24,000, பராமரிப்புக்கும் மற்றக் கூடுதல் செலவுகளுக்கும் 9,000, பாளையங்கோட்டை வீட்டிலிருந்து 11,000 வாடகை வந்தாலும் கையில் 70,000 இருக்கும். ஆனால் உங்கள் மனைவியின் 22,000 நின்றுவிடும். இந்த வழியில் மட்டும் பழைய வரி முறை சற்று லாபமாக இருக்கும்: சென்னை வாடகைக்கு வீட்டு வாடகைப் படி விலக்கு, திருநெல்வேலி வீட்டுக் கடன் வட்டி இரண்டையும் ஒரே ஆண்டில் கோரலாம். அப்படியும் மிச்சம் ஆண்டுக்குப் பதினைந்தாயிரத்தை ஒட்டித்தான் வரும். உங்கள் மனைவிக்குச் சென்னையில் வேலை உறுதியாகும் வரை இந்த வழியை எடுக்க வேண்டாம்.

உங்கள் சக ஊழியர்களின் யோசனைகளுக்கு வருகிறேன். ஒன்றாக ராஜினாமா செய்வது உணர்ச்சியளவில் நிறைவு தரலாம். ஆனால் ஆட்களைக் குறைக்க விரும்பும் நிறுவனத்துக்கு, தானாக விலகிச் செல்பவரைப் போல வசதியானவர் வேறு யாரும் இல்லை. அவருக்கு ஆட்குறைப்பு இழப்பீடு எதுவும் தர வேண்டியதில்லை. ஒரே மாதத்தில் ஒரே திறமையுள்ள இருபது பேர் வேலைச் சந்தைக்கு வந்தால் கிடைக்கும் சம்பளமும் இறங்கும்.

அட்டையைத் தேய்த்துவிட்டுத் திரும்பும் யோசனையை நான் கடுமையாகவே எதிர்க்கிறேன். உள்ளே வந்த நேரத்தைப் பதிவு செய்யும் கருவி வெளியே போன நேரத்தையும் பதிவு செய்கிறது. ஒருவர் அட்டையை இன்னொருவர் தேய்ப்பது அதைவிட மோசம். ஒழுங்கு நடவடிக்கையில் வேலை போனால் ரிலீவிங் லெட்டரில் சிக்கல் வரும், அடுத்த நிறுவனத்தின் பின்னணிச் சரிபார்ப்பில் ஒன்பது ஆண்டு அனுபவம் முழுவதும் கேள்விக்குள்ளாகும். 41,000 ரூபாய்க்காக அந்த ஒன்பது ஆண்டுகளைப் பணயம் வைக்காதீர்கள்.

மனு எழுதுவது நல்லது, நானும் அதில் கையெழுத்திடச் சொல்கிறேன். ஆனால் ஆஃபர் லெட்டரை எடுத்துப் பணியிடம் பற்றிய பத்தியைப் படித்துப் பாருங்கள். நிறுவனம் எங்கு சொன்னாலும் பணியாற்ற வேண்டும் என்று பெரும்பாலான கடிதங்களில் இருக்கும். ஆகவே 'உத்தரவைத் திரும்பப் பெறுங்கள்' என்று மட்டும் கேட்காமல், தரக்கூடியதைக் கேளுங்கள்: மதுரையிலோ கோவையிலோ கிளை இருந்தால் அங்கு இடமாற்றம், பெற்றோரின் மருத்துவச் சான்றின் பேரில் ஆறு மாத அவகாசம், வருகையை வாரக் கணக்கில் பார்க்காமல் காலாண்டுக் கணக்கில் பார்ப்பது. இவை மேலாளர் அளவிலேயே சிலருக்குக் கிடைக்கக் கூடியவை.

எந்த முடிவை எடுத்தாலும் இந்த வாரம் ராஜினாமா கடிதம் அனுப்பாதீர்கள். கிராஜுவிட்டி விதிப்படி ஆறு மாதத்தைத் தாண்டிய பணிக்காலம் முழு ஆண்டாகக் கணக்கில் எடுக்கப்படும். இன்று கடிதம் கொடுத்து 90 நாள் நோட்டீஸ் முடித்தால் உங்கள் பணிக்காலம் ஒன்பது ஆண்டு ஐந்து மாதத்தில் நிற்கும். ஒன்பது ஆண்டுக்குக் குறைந்தது 2,59,615 ரூபாய் கிடைக்கும். ஒன்றரை மாதம் பொறுத்துக் கொடுத்தால் ஆறு மாதத்தைத் தாண்டிவிடுவீர்கள். பத்து ஆண்டுக் கணக்கில் குறைந்தது 2,88,461 வரும். அந்த ஒன்றரை மாதத்தில் விடுதியில் தங்கி, இந்த வாழ்க்கை உங்களுக்கு ஒத்துவருமா என்பதையும் பார்த்துவிடலாம். விலகும்போது பி.எஃப். பணத்தை எடுக்காமல் புதிய நிறுவனத்தின் கணக்குக்கு மாற்றுங்கள். ஊழியர் ஓய்வூதியத் திட்டத்தில் பத்து ஆண்டுப் பணி நிறைந்தால்தான் 58 வயதில் மாத ஓய்வூதியம் உண்டு, நீங்கள் அத்திட்டத்தில் உறுப்பினராக இருந்தால் அதன் வாசலில் நிற்கிறீர்கள்.

வீட்டுக் கடனிலும் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. நீங்கள் கடன் வாங்கிய 2022-இல் ஏறத் தொடங்கிய ரெப்போ விகிதம் (வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி கடன் தரும் வட்டி) 6.50 சதவீதம் வரை சென்று, 2025 முழுவதும் படிப்படியாகக் குறைந்து டிசம்பரில் 5.25-க்கு வந்தது. மாறும் வட்டிக் கடனாக இருந்தால், அந்தக் குறைப்பை வங்கி தவணையில் காட்டாமல் கடன் காலத்தில் கழித்திருக்கலாம். கிளைக்கு நேரில் சென்று இப்போதைய வட்டியையும் மீதிக் காலத்தையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். காலத்தை அப்படியே வைத்துத் தவணையைக் குறைக்கச் சொல்லிக் கேளுங்கள். வேலை மாறும் ஆண்டில் மாதம் இரண்டாயிரம் குறைந்தாலும் மூச்சுவிட இடம் கிடைக்கும். வட்டி சந்தையைவிட அதிகமாக இருந்தால் வேறு வங்கிக்கு மாற்றலாம். தனிநபரின் மாறும் வட்டி வீட்டுக் கடனுக்கு முன்கூட்டி அடைக்கும் கட்டணம் கிடையாது. ஆனால் அதைப் பெரிய நிறுவனத்தின் சம்பளச் சீட்டு கையில் இருக்கும்போதே செய்துவிடுங்கள்.

பலரும் மறந்துவிடுவது மருத்துவக் காப்பீட்டை. நிறுவனத்தின் குழுக் காப்பீடு கடைசிப் பணி நாளோடு முடிந்துவிடும். பெற்றோருக்குப் புதிதாகப் பாலிசி எடுத்தால் ஏற்கெனவே உள்ள நோய்களுக்கு மூன்று ஆண்டு வரை காத்திருப்புக் காலம் இருக்கலாம். ஆகவே நோட்டீஸ் கொடுப்பதற்கு முன்பே, குழுக் காப்பீட்டை வழங்கும் அதே காப்பீட்டு நிறுவனத்தில் தனிநபர் பாலிசிக்கு மாறும் வசதியைப் பற்றி மனிதவளத் துறையிடம் கேளுங்கள். அப்படி மாறினால் இதுவரை முடிந்த காத்திருப்புக் காலம் வீணாகாது. 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் மருத்துவக் காப்பீட்டுக்கு ஜி.எஸ்.டி. இல்லை. உள்ளூர் நிறுவனத்திடம் சம்பளம் பேசும்போது, குழுக் காப்பீட்டில் பெற்றோரையும் சேர்ப்பார்களா என்பதைக் கேட்டு, பதிலை ஆஃபர் லெட்டரிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள்.