கேஸ் கசிவு, அலாரம்: கேள்வி பதில்

தேவகோட்டை: அலாரத்தை எங்கேண்ணே மாட்டணும்?

சிலிண்டர் வீடுன்னா தரையிலிருந்து ஒரு அடிக்குள்ள, அடுப்பிலிருந்து 1 முதல் 3 மீட்டர் தள்ளி. சிலிண்டரில் வரும் எல்பிஜி காத்தைவிட ஒன்றரை முதல் ரெண்டு மடங்கு கனம், தரையோடு பரவும். காத்துல 2 சதவீதம் சேர்ந்தாலே பத்திக்கும். அலாரம் அதுக்கு வெகு முன்னாலேயே கத்தணும். அப்படியே சிலிண்டரிலிருந்து அடுப்புக்குப் போற ரப்பர் ட்யூபில் அச்சடிச்ச தேதியையும் பாருங்க; 5 வருஷம் தாண்டினா மாத்திடுங்க.

பள்ளத்தூர்: சென்னையில மகன் வீட்டில் மேலே மாட்டியிருக்காங்களே?

அது குழாயில் வரும் இயற்கை எரிவாயு. மீத்தேன் லேசு, மேலே ஏறும். கூரைக்கு ஒரு அடி கீழே மாட்டினது சரிதான்.

கானாடுகாத்தான்: நாத்தம் வந்தா தெரியாதா? நாலு பக்கமும் காத்தோடும் வீட்டில் அலாரம் வீண் செலவு.

முற்றத்தில் காத்து வரும், ஒத்துக்கிறேன். சிலிண்டர் இருக்கிறது பின்கட்டு அடுப்படியில், மேடைக்கு அடியில், கதவு போட்ட அலமாரிக்குள்ள. ராத்திரி அடுப்படியைப் பூட்டிட்டு முகப்புப் பக்கம் படுக்கிறீங்க. கசிஞ்ச கேஸ் மடைக்குள்ள இறங்கித் தங்கும். விடிஞ்சதும் ஆச்சி காப்பி போட வந்து சுவிட்சைத் தட்டினா அந்தப் பொறி போதும். பிரிட்ஜ் தானா ஓட ஆரம்பிச்சாலும் பொறி வரும்.

கானாடுகாத்தான்: எங்க ஆச்சிக்கு மூக்கு நல்லாவே வேலை செய்யும்.

தூங்கும்போது செய்யாது, சளி பிடிச்சா செய்யாது. கசிவு தெரியறதுக்காக கேஸில் கலக்குற மெர்காப்டனோட நாத்தம் கொஞ்ச நேரத்தில் மூக்குக்குப் பழகியும் போயிடும். பெரிய வீட்டில் பின்கட்டு அலாரம் முகப்புக்குக் கேட்காது. வெளியே வயர் இழுக்க வசதியுள்ள மாடலா வாங்கி, படுக்கிற இடத்தில் இன்னொரு மணி வைங்க.

காரைக்குடி: எந்த உயரத்தில் மாட்டணும்?

முதல் பதிலைப் படிங்க.

கோட்டையூர்: புது சிலிண்டர் மாட்டினதும் 'உஸ்'னு சத்தம்?

ரெகுலேட்டரை மூடிக் கழட்டுங்க. வால்வுக்குள்ள கறுப்பு ரப்பர் வளையம் இல்லாம இருக்கும், இல்லேன்னா அந்த வளையம் விரிசல் விட்டிருக்கும். வால்வுக்கு மூடியைப் போட்டு, சிலிண்டரை வெளியே வச்சிட்டு ஏஜென்சியைக் கூப்பிடுங்க. மத்த இணைப்புகளுக்கு சோப்புத் தண்ணி தடவினா குமிழி காட்டிக் கொடுக்கும். தீக்குச்சி வேண்டவே வேண்டாம்.

புதுவயல்: அலாரம் அடிச்சா?

எந்த சுவிட்சையும் போடாதீங்க, அணைக்கவும் அணைக்காதீங்க. ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னலைத் திறந்து வெளியேறுங்க. வெளியே வந்தப்புறம் கேஸ் கசிவு அவசர உதவி எண் 1906-க்கு போன் போடுங்க.

காரைக்குடி: கல்யாணத்துக்காக மட்டும் திறக்கிற வீடு. அலாரம் வேணுமா?

வேணும். பூட்டுறதுக்கு முன்னால ரெகுலேட்டரைக் கழட்டி, நைலான் கயித்தில் தொங்குற மூடியை வால்வில் அழுத்திப் போடுங்க. திறக்கும்போது ட்யூபை எலி கடிச்சிருக்கான்னு முழு நீளத்துக்கும் தடவிப் பாருங்க. தேதியையும்.