என்சைம் ஆய்வில் டியூட்டீரியம் எதற்கு?

கேள்வி: என்சைம் எப்படி வேலை செய்கிறது என்று அறிய ஹைட்ரஜனுக்குப் பதில் டியூட்டீரியம் போட்டுப் பார்க்கிறார்களே, அதில் என்ன தெரியும்? வேகம் மாறவே இல்லை என்றால் என்ன அர்த்தம்?

இரண்டாவது கேள்வியில் நானே ஒருமுறை வழுக்கி விழுந்திருக்கிறேன். (சிங்கப்பூரில் அறிவியலை ஆங்கிலத்திலேயே படித்தவன் நான். நொதி என்று எழுத நினைத்தாலும் கை என்சைம் என்றுதான் எழுதுகிறது.)

டியூட்டீரியம் என்பது நியூட்ரான் ஒன்று கூடுதலாக உள்ள ஹைட்ரஜன். குணம் ஏறக்குறைய அதேதான், எடை இரு மடங்கு. கார்பனோடு பிணைந்திருக்கும்போது கனமானது ஆற்றல் குழியில் சற்று ஆழத்தில் இருக்கும். பிணைப்பு அறுபட அது கூடுதலாக மேடேற வேண்டும். அந்த அறுபடல்தான் வினையின் மெதுவான படி என்றால், அறை வெப்பநிலையில் வேகம் சுமார் 7 மடங்கு வரை குறையலாம்.

என் இறுதியாண்டு ப்ராஜெக்ட்டில் நான் எடுத்த என்சைம் குதிரை ஈரலின் ஆல்கஹால் டிஹைட்ரஜனேஸ். எத்தனாலிலிருந்து ஹைட்ரஜனைப் பிடுங்கி, அதைச் சுமக்கும் துணை மூலக்கூறான என்ஏடியிடம் (NAD) கொடுப்பது அதன் வேலை. ஹைட்ரஜன் ஏறிய என்ஏடி, அதாவது என்ஏடிஎச் (NADH), 340 நானோமீட்டர் ஒளியை உறிஞ்சும், அதனால் திரையில் கோடு ஏறுவதை வைத்தே வேகத்தைக் கணக்கிடலாம். முதலில் சாதாரண எத்தனால், அப்புறம் டியூட்டீரியம் எத்தனால். இரண்டு கோடும் ஏறக்குறைய ஒன்றின் மேல் ஒன்று! புட்டியை மாற்றி எடுத்துவிட்டேனோ என்று லேபிளை மூன்று தடவை பார்த்தேன். மறுநாளும் அதே கதை.

தேக்காவில் மதியம் சாப்பிடப் போனபோது ஆய்வுக்கூடத்து அக்கா ஒருவர் பரோட்டாக் கடை வரிசையைக் காட்டினார். "மாவு வீசுறவர் கை வேகத்தைப் பாரு தம்பி. ஆனா வரிசை நகருதா? காசு வாங்க ஒரே ஆள்தான். மாவு கொஞ்சம் கெட்டியா இருந்தாலும் வரிசைக்குத் தெரியாது."

என் என்சைமும் அப்படித்தான். ஹைட்ரஜனைப் பிடுங்குவது சட்டென்று முடிந்துவிடும். என்ஏடிஎச் என்சைமை விட்டு வெளியேறுவதுதான் இழுத்தடிக்கும். கலந்த சில மில்லிவினாடிகளிலேயே அளக்கும் ஸ்டாப்டு ஃப்ளோ கருவியில் முதல் சுற்றை மட்டும் பார்த்தபோது வித்தியாசம் பளிச்சென்று தெரிந்தது. ஆகவே வேகம் மாறவில்லை என்பதை வைத்து அந்தப் பிணைப்பு அறுபடவே இல்லை என்று சொல்லிவிடக் கூடாது. காசு வாங்கும் ஆள் யார் என்று தேட வேண்டும்.

இதற்கு நேர்மாறும் உண்டு. சோயாவின் லிபாக்சிஜனேஸை அமெரிக்காவின் பெர்க்லியில் வேதியியலாளர் ஜூடித் கிளின்மன் குழுவினர் ஆராய்ந்தபோது வேகம் குறைந்தது 7 மடங்கு அல்ல, கிட்டத்தட்ட 80 மடங்கு! மேடேறுவதை வைத்து இதை விளக்க முடியாது. ஹைட்ரஜன் மேட்டைத் துளைத்துக்கொண்டே அந்தப் பக்கம் போகிறது; டனலிங் என்பார்கள். கனமான டியூட்டீரியத்துக்கு அந்த வித்தை அவ்வளவாக வராது. காய்ச்சாத சோயாப்பாலில் ஒரு பச்சை வாடை அடிக்குமே, அது பெரும்பாலும் இதே என்சைமின் கைவரிசைதான்.