மேட்டூர் மூடும் நாளிலிருந்து எண்ணுங்கள்

வணக்கம். சென்னை வேலையை விட்டுவிட்டுத் திருத்துறைப்பூண்டிப் பக்கம் ஊருக்கு வந்துவிட்டேன். நாலு ஏக்கர், முதல் சம்பா. நெல் திருவிழாவில் தட்டுத்தட்டாக நூற்றுக்கு மேல் ரகங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு பெருமை சொன்னார்கள். கடைசியில் வெறுங்கையோடு திரும்பினேன். எதை எடுத்தாலும் இன்னொன்றை விட்டுவிட்டோமோ என்றிருக்கிறது. அப்பா சிரிக்கிறார். எங்களுக்குத் தண்ணீர் எட்டி விதைக்க செப்டம்பர் கடைசியாகிவிடும். எப்படித்தான் முடிவெடுப்பது?

அன்புள்ள நண்பருக்கு,

நூறில் எது நல்லது என்று நீங்கள் தேடுகிறீர்கள். உங்கள் அப்பா அப்படித் தேடியே இருக்க மாட்டார். ஆகாததைக் கழித்துக்கொண்டே வந்திருப்பார். சிரிப்பு அதற்குத்தான்.

மேட்டூர் அணை வழக்கமாக ஜூன் 12 திறந்து ஜனவரி 28 மூடும். பொன்மணி என்கிற சி.ஆர். 1009 ரகத்துக்கு வயது சுமார் 155 நாள். செப்டம்பர் 25-ல் விதைத்தால் அறுப்பு பிப்ரவரி கடைசி. கதிர் பால் பிடிக்கிற நேரத்தில் கடைமடையில் வாய்க்கால் காய்ந்து கிடக்கும். ஆடுதுறை 39 சுமார் 125 நாள். ஜனவரி கடைசியில் மெஷினை இறக்கிவிடலாம். 150 நாளைத் தாண்டுகிற மாப்பிள்ளைச் சம்பா வகையறா எல்லாம் இந்த ஒரு கணக்கிலேயே போய்விட்டது, பார்த்தீர்களா? அப்புறம் வயல். ஐப்பசி மழையில் தண்ணீர் எத்தனை நாள் நிற்கிறது, வடிய வழி உண்டா என்று அப்பாவைக் கேளுங்கள். மிஞ்சுவதை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம்.

தேர்ந்தெடுக்க வகைகள் அதிகமானால் மனம் மரத்துவிடும் என்பதற்கு ஜாம் பாட்டில் சோதனையை எல்லோரும் சொல்வார்கள். ஷீனா ஐயங்காரும் மார்க் லெப்பரும் கலிஃபோர்னியாவில் ஒரு கடையில் நடத்தியது, 2000-ல் வெளிவந்தது. 24 வகை வைத்தபோது நின்று பார்த்தவர்களில் 3 சதவீதம் பேர் வாங்கினார்கள், 6 வகை வைத்தபோது 30 சதவீதம். எனக்கு அதில் பாதி நம்பிக்கைதான். இதுபோன்ற 50 சோதனைகளை 2010-ல் சேர்த்துப் பார்த்தபோது சராசரி விளைவு ஏறக்குறைய பூஜ்யம். கும்பகோணத்தில் என் அத்தை புடவைக் கடையில் உட்காருவதற்கு முன்பே, “அரக்கு, சின்னக் கரை, மூவாயிரத்துக்குள்ள” என்பாள். கடையில் ஆயிரம் புடவை இருந்தால் அவளுக்கென்ன?

சரி, அந்த ‘விட்டுவிட்டோமோ’ உறுத்தல் இருக்கிறதே, அது அவ்வளவு லேசில் போகாது. போர்வெல் தண்ணீர் எட்டுகிற ஒரு மா நிலத்தை (ஏக்கரில் மூன்றில் ஒரு பங்கு) அதற்கென்று ஒதுக்கி மாப்பிள்ளைச் சம்பா போடுங்கள். சாய்ந்தால் வைக்கோலாவது மாட்டுக்கு ஆகும்.