அரசாங்கப் புத்தகத்துக்கு யார் விலை வைத்தது?

தென்னாப்பிரிக்கத் தமிழ் வாசகர்களிடமிருந்து இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை அரசு வெளியீடுகளைப் பற்றியவை: அரசியலமைப்பு, ஆணைய அறிக்கைகள், பாடநூல்கள், கப்பல் பட்டியல்கள். ஆகவே துணி துவைக்கும் இயந்திரம் பற்றி எழுதியவர்களுக்கு அடுத்த முறை பதில் சொல்கிறேன். கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன்.

கேள்வி: கோயில் திருவிழாவில் கடை போட்டிருந்தவரிடம் பேத்திக்காகத் தமிழ்ப் பாடநூல்கள் மூன்று வாங்கினேன். ஒவ்வொன்றும் 280 ராண்ட். வீட்டுக்கு வந்ததும் அவள் அதில் ‘விற்பனைக்கு அன்று’ என்று எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டு, “அப்படியென்றால் என்ன ஆயா?” என்று கேட்டாள். என்ன சொல்வதென்று தெரியவில்லை. (ஓர் ஆயா, சாட்ஸ்வர்த்)

பதில்: அம்மா, உங்கள் பேத்தி தமிழை எழுத்துக்கூட்டி வாசிக்கிறாள் என்பதைக் கேட்டதும் மனம் நிறைந்தது. அவளுக்கு உண்மையைச் சொல்லுங்கள்: “இது எங்கோ ஒரு பிள்ளைக்குச் சும்மா கொடுக்க வேண்டிய புத்தகம். அதை யாரோ விற்றுவிட்டார்கள்.”

தமிழ்நாட்டு அரசு, விலையில்லாப் பாடநூல் திட்டத்தின் கீழ் மாணவர்களுக்குத் தரும் பிரதிகளில்தான் அந்த வரி இருக்கும். சென்னையிலிருந்து கொண்டுவரச் செலவாகிறது என்று கடைக்காரர் சொல்லக்கூடும். ஆனால் விற்கக் கூடாத பொருளுக்குச் சுமைகூலி என்ன, இலாபம் என்ன? ஒரு பொருளை விற்பவருக்கு அதை விற்கும் உரிமை இருக்கிறது என்று நம்பி வாங்க நம் நாட்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் உங்களுக்கு இடம் தருகிறது. அந்த நம்பிக்கை பொய்த்துவிட்டது. பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். அவர் முகவரி கோயில் நிர்வாகத்தினரிடம் இருக்கும், கடைக்கு இடம் கொடுத்தவர்கள் அவர்கள்தானே. அடுத்த ஆண்டும் அவருக்கு இடம் கொடுப்பார்களா என்பதையும் கேட்டுவிடுங்கள்.

இனி இதற்காகக் காசு செலவழிக்க வேண்டாம். தமிழ்நாட்டுப் பாடநூல்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. வேண்டிய பாடத்தை மட்டும் நூலகத்தில் அச்செடுத்துக்கொள்ளலாம். நம் நாட்டு அடிப்படைக் கல்வித் துறை ஒன்பதாம் வகுப்பு வரை தரும் பயிற்சி நூல்களின் அட்டையிலும் ‘விற்கக் கூடாது’ என்றே அச்சிட்டிருக்கிறது. அவற்றைத் தெருவில் விற்கிறவர்களையும் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: மெட்ரிக் தேர்வின் பழைய வினாத்தாள்களும் விடைக்குறிப்புகளும் அடங்கிய ‘அரசு அங்கீகாரம் பெற்ற’ தொகுப்பு 450 ராண்ட். மகனுக்கு வாங்கலாமா? (வெருலம்)

பதில்: வேண்டாம். எல்லாம் கல்வித் துறையின் இணையதளத்தில் இலவசமாக இருக்கிறது.

கேள்வி: சந்தையில் அரசியலமைப்புச் சட்டத்தின் கையடக்கப் பதிப்பை 180 ராண்டுக்கு வாங்கினேன். அட்டையில் ‘1996ஆம் ஆண்டின் 108ஆம் சட்டம்’ என்று இருக்கிறது. நண்பர் அது போலி என்கிறார். (பீனிக்ஸ்)

பதில்: போலி அல்ல, பழசு. அரசியலமைப்பு மற்றச் சட்டங்களோடு எண் போட்டு வரிசையில் நிற்க வேண்டியதல்ல என்பதால் 2005-இல் தனிச் சட்டம் இயற்றி அந்த 108 என்ற எண்ணை எடுத்துவிட்டார்கள். எனவே உங்கள் பிரதி அதற்கு முன் அச்சானதாக இருக்க வேண்டும், அல்லது பிறகு யாரோ கவனமில்லாமல் நகலெடுத்ததாக இருக்க வேண்டும். ஆறாம் பிரிவைத் திறந்து ஆட்சி மொழிகளை எண்ணிப் பாருங்கள். பதினொன்று இருந்தால் 2023-க்கு முந்தைய பாடம். அந்த ஆண்டு சைகை மொழி பன்னிரண்டாவதாகச் சேர்ந்தது.

புத்தகம் கையில் இருக்கும்போதே அதே பிரிவில் இன்னும் சற்றுக் கீழே வாருங்கள். மதித்து வளர்க்கப்பட வேண்டிய மொழிகளின் பட்டியலில் குஜராத்தி, இந்தி, தெலுங்கு, உருது ஆகியவற்றோடு ‘தமிழ்’ என்று பெயர் சொல்லியே எழுதியிருக்கிறது. அந்த வரியை எத்தனை முறை படித்தாலும் எனக்கு மெய் சிலிர்க்கிறது.

விலை விஷயத்துக்கு வருகிறேன். 1996 டிசம்பர் 10 அன்று ஷார்ப்வில்லில் மண்டேலா கையெழுத்திட்டு, 1997 பிப்ரவரி 4 அன்று நடைமுறைக்கு வந்த இந்த நூலை அரசு இலட்சக்கணக்கில் இலவசமாக விநியோகித்தது. இன்றும் நீதித் துறையின் இணையதளத்தில் திருத்தங்களுடன் கிடைக்கிறது. 1978ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, அதிகாரபூர்வமான சட்டப் பாடங்களுக்குப் பதிப்புரிமை கிடையாது. ஆகவே யாரும் அச்சிட்டு விற்கலாம். விற்றவர் குற்றவாளி அல்லர். ஆனால் பழைய பாடத்தை நடப்புச் சட்டம் என்று சொல்லி விற்றிருந்தால் அது ஏமாற்று. உங்களிடம் என்ன சொல்லி விற்றார் என்பதை நீங்கள் எழுதவில்லை.

சட்ட நூலில் முதலில் பார்க்க வேண்டியது ஆண்டை. இதைப் பணம் கொடுத்துக் கற்றவன் நான். 2017-இல் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் பராமரிப்புக் கட்டணம் பற்றி ஒரு தகராறு. பழைய புத்தகக் கடையில் அடுக்குமாடி வீட்டுரிமை பற்றிய 1986ஆம் ஆண்டுச் சட்டத்தின் தடித்த பதிப்பை வாங்கி, இரண்டு வாரம் படித்து, கூட்டத்தில் எழுந்து நின்று பிரிவு எண்ணோடு பேசினேன். நிர்வாகப் பகுதி முழுவதும் 2016 அக்டோபரிலேயே வேறொரு சட்டத்துக்கு மாறிவிட்டது என்று எதிர்த் தரப்பிலிருந்த ஓர் இளம்பெண் அமைதியாகச் சொன்னாள். என் பக்கம் நியாயம் இருந்தும் அன்று தோற்றேன்.

கேள்வி: சிறிய டீ ரூம் நடத்துகிறேன், இரண்டு பேர் வேலை செய்கிறார்கள். ஒருவர் அடையாள அட்டையைக் காட்டி, தொழிலாளர் சட்டச் சுருக்கம் சுவரில் இல்லாவிட்டால் அபராதம் என்று சொல்லி, பிளாஸ்டிக் உறையிட்ட தாள்களை 950 ராண்டுக்கு விற்றுவிட்டுப் போனார். (ஸ்டாங்கர்)

பதில்: ஒரு பாதி உண்மையை வைத்து உங்களைப் பயமுறுத்தியிருக்கிறார். தொழிலாளர் உரிமைகளின் சுருக்கத்தை அவர்கள் வாசிக்கக்கூடிய இடத்தில், அங்கே பேசப்படும் ஆட்சி மொழிகளில் மாட்டிவைக்க வேண்டும் என்று 1997ஆம் ஆண்டு வேலை நிபந்தனைச் சட்டம் சொல்வது மெய். ஆனால் ஐந்து பேருக்குக் குறைவாக வேலைக்கு வைத்திருப்பவர்களுக்கு அந்தப் பிரிவு பொருந்தாது. அவரிடமிருந்து வாங்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. தொழிலாளர் துறை அந்தத் தாளை இலவசமாகவே தருகிறது. அவர் அரசு அதிகாரி என்று நம்பும்படி நடந்துகொண்டாரா? அப்படியானால் இது வெறும் வியாபாரத் தகராறு அல்ல, காவல் நிலையத்துக்குப் போங்கள். ஊரில் மற்றக் கடைக்காரர்களிடமும் சொல்லிவையுங்கள். அவர் அடுத்த கதவையும் தட்டியிருப்பார்.

கேள்வி: நிறவெறிக் காலக் கொடுமைகளை விசாரித்த உண்மை மற்றும் நல்லிணக்க ஆணைய அறிக்கையின் ‘முழுத் தொகுதி’ என்ற விளம்பரத்தைப் பார்த்து இணையத்தில் ஒரு கடையிலிருந்து வாங்கினேன். ஐந்து பாகங்கள் வந்தன. ஏழு என்று பிறகு தெரிந்தது. இணையத்தில் வாங்கியதை ஏழு நாளில் திருப்பலாமாமே? (லெனேசியா)

பதில்: அந்த ஏழு நாள் உரிமை புத்தகங்களுக்குக் கிடையாது. 2002ஆம் ஆண்டு மின்னணுப் பரிவர்த்தனைச் சட்டம் நாளிதழ், பருவ இதழ், புத்தகம் ஆகியவற்றை அதிலிருந்து விலக்கியிருக்கிறது. வாசிக்கிறவர்கள் பலரும் அறியாத விலக்கு இது.

ஆனால் உங்களுக்கு வேறு வழி இருக்கிறது. 1998 அக்டோபரில் மண்டேலாவிடம் ஒப்படைக்கப்பட்டவை ஐந்து பாகங்கள். ஆறும் ஏழும் 2003-இல் வந்தன. விற்றவர் ‘முழு’ என்று எழுதியிருந்தால், வந்திருப்பது அவர் சொன்ன பொருள் அல்ல. பொருள் கைக்கு வந்த ஆறு மாதத்துக்குள், அவர் செலவிலேயே திருப்பி அனுப்பிப் பணத்தைக் கேட்கலாம். விளம்பரத்தை இன்றே படம் பிடித்து வையுங்கள், நாளை திருத்திவிடுவார்கள். மறுத்தால் சிறு வழக்கு நீதிமன்றம் இருக்கிறது. அங்கே வழக்கறிஞர் தேவையில்லை, வழக்கில் கேட்கக்கூடிய தொகையின் வரம்பும் 2019-இல் 20,000 ராண்டாக உயர்த்தப்பட்டது. ஏழாம் பாகம் இல்லாத தொகுதியை நான் வீட்டில் வைக்க மாட்டேன். பாதிக்கப்பட்டோரின் பெயர்களும் அவர்கள் பட்ட பாடும் அதில்தான் இருக்கின்றன.

கேள்வி: என் கொள்ளுத்தாத்தா 1890-களில் கரும்புத் தோட்ட வேலைக்கு வந்தவர். ‘உங்கள் குடும்பத்தின் அதிகாரபூர்வ வரலாறு’ என்று ஒரு நிறுவனம் 1,900 ராண்ட் வாங்கிக்கொண்டு புத்தகம் அனுப்பியது. அவர் ட்ரூரோ கப்பலில் வந்ததாக எழுதியிருக்கிறார்கள். (பீட்டர்மாரிட்ஸ்பர்க்)

பதில்: ட்ரூரோ மதராஸிலிருந்து டர்பனுக்கு வந்து சேர்ந்தது 1860 நவம்பர் 16-இல். முப்பது ஆண்டு கழித்து வந்தவரை அதில் ஏற்றியிருக்கிறார்கள். இதைப் படித்ததிலிருந்து எனக்கு ஆறவில்லை. எனவே கொஞ்சம் நீட்டியே பேசுகிறேன்.

1860 முதல் 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாக நேட்டாலில் இறங்கியவர்கள் 1,52,184 பேர். பெரும்பாலோர் மதராஸ் துறைமுகத்தில் ஏறியவர்கள். ஒவ்வொருவருக்கும் ஓர் எண் கொடுத்து, பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, கிராமம், உடம்பிலுள்ள அடையாளம் என்று அரசு எழுதிவைத்தது. ஆட்களை எண்ணி வேலைக்கு அனுப்புவதற்காகவே எழுதினார்கள். ஆனால் இன்று தாத்தாவின் ஊர்ப் பெயர் தெரிய நமக்கு அதைவிட்டால் வேறு வழியில்லை. அந்தப் பேரேடுகள் டர்பன் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. அவற்றைக் கணினியில் ஏற்றிய பட்டியல் குவாசூலு-நேட்டால் பல்கலைக்கழகத்தின் வெஸ்ட்வில் வளாகத்திலுள்ள காந்தி-லுதூலி ஆவண மையத்தில் இருக்கிறது. அங்கே ஓர் ஆளின் பதிவைப் பார்க்க 1,900 ராண்ட் ஆகாது.

உங்களுக்கு வந்த புத்தகத்தில் எத்தனை பக்கம் உங்கள் குடும்பத்தைப் பற்றியது என்று எண்ணிப் பாருங்கள். இதே போன்ற இரண்டு புத்தகங்களை வாசகர்கள் எனக்குக் காட்டியிருக்கிறார்கள். பெயரும் எண்ணும் இருந்த ஒரு பக்கம் நீங்கலாக இரண்டும் எழுத்துக்கு எழுத்து ஒன்றே.

நானும் ஏமாந்திருக்கிறேன். 1885-இல் தொடங்கிய ராக் ஆணையம் நேட்டால் இந்தியர்களின் நிலையை விசாரித்து 1887-இல் அறிக்கை கொடுத்தது. அதன் மறுபதிப்பை ஆசையோடு வெளிநாட்டிலிருந்து வரவழைத்தேன். மடித்து வைத்த அட்டவணைத் தாள்களை விரிக்காமலேயே படமெடுத்திருந்தார்கள். எனக்கு வேண்டிய அட்டவணை பாதி வரியோடு நின்றது. எழுதிக் கேட்டதற்கு, ‘மூலத்தில் உள்ள குறைகளுக்கு நாங்கள் பொறுப்பல்ல’ என்று பதில் வந்தது. குறை மூலத்தில் இல்லை, தாளை விரிக்காத கையில் இருந்தது. நூற்றாண்டு கடந்த அரசு அறிக்கையை யாரும் அச்சிடலாம், தப்பில்லை. ஆனால் நம் முன்னோர் வாழ்க்கையை நமக்கே விற்கிறவருக்கு அந்தத் தாளை விரித்துப் பார்க்கும் மரியாதையாவது வேண்டாமா?

நீங்கள் செய்ய வேண்டியது இது. பழைய பிறப்பு, திருமணச் சான்றிதழ்களில் அந்த எண் இருக்கிறதா என்று வீட்டுப் பெட்டியைத் தேடுங்கள். எண் இல்லையென்றால் பெயரை ஒலியால் தேடுங்கள். எழுத்தர்கள் காதில் விழுந்தபடி எழுதினார்கள், முனுசாமி மூன்சாமி ஆனது அப்படித்தான். கொள்ளுத்தாத்தாவின் உண்மையான கப்பலைக் கண்டுபிடித்ததும், அந்தப் பக்கத்தின் நகலோடு நிறுவனத்துக்கு எழுதிப் பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். அசையாவிட்டால் நுகர்வோர் குறைதீர்ப்பு அலுவலகத்துக்குப் போகலாம். கடிதம் எழுத உதவி வேண்டுமானால் நான் எழுதித் தருகிறேன்.

கேள்வி: வீட்டுக்கு வந்த விற்பனையாளரிடம் பன்னிரண்டு பாக ‘தேச வரலாறு’ வாங்கக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். மாதம் 399 ராண்ட், பதினெட்டு மாதம். மூன்று நாள் ஆகிறது. (டோங்காட்)

பதில்: இன்றே எழுத்தில் ரத்துச் செய்யுங்கள். வீடு தேடி வந்து விற்றதற்கு ஐந்து வேலை நாள் அவகாசம் உண்டு, காரணம் சொல்ல வேண்டியதில்லை. தொலைபேசியில் சொல்லிவிட்டு இருந்துவிடாதீர்கள். 399-ஐப் பதினெட்டால் பெருக்கிப் பார்த்தீர்களா? 7,182 ராண்ட்.

கேள்வி: இந்திய அரசு வெளியிட்ட காந்தி நூல் தொகுப்பை ஏலத்தில் எடுத்தேன். பெட்டியைத் திறந்து பார்க்கவில்லை. அது ‘திருத்திய பதிப்பு’. மேற்கோள்களின் பக்க எண் எதுவும் பொருந்தவில்லை. திருப்பித் தரலாமா? (டர்பன்)

பதில்: தரமில்லாத பொருளைத் திருப்பித் தரும் சட்டப் பிரிவு ஏலத்தில் எடுத்ததற்குப் பொருந்தாது. ஏலத்துக்கு முன் பெட்டியைத் திறந்து காட்டுவார்களே, அந்த நேரத்தில் நீங்கள் எங்கே இருந்தீர்கள்? தொகுப்பு முழுவதையும் தூக்கிப் போகும் அளவுக்கு ஆசை இருந்தது, ஒரு பாகத்தின் முதல் பக்கத்தைப் புரட்டப் பொறுமை இல்லை.

அந்தத் திருத்திய பதிப்பில் விடுபட்டவை பல என்று அறிஞர்கள் எதிர்த்ததால் இந்திய அரசே 2005-இல் அதைத் திரும்பப் பெற்றது. ஆய்வாளர்கள் மேற்கோள் காட்டுவது 1958-இல் தொடங்கிய நூறு பாகப் பழைய பதிப்பைத்தான். காந்தி நம் ஊரில் இருந்த காலம், 1914 வரை, அதன் முதல் பன்னிரண்டு பாகங்களில் அடங்கிவிடுகிறது. அவை காந்தி மரபுடைமை இணையதளத்தில் பக்கம் பக்கமாக இலவசமாக இருக்கின்றன. உங்களிடமுள்ளதை விற்பதானால் எந்தப் பதிப்பு என்பதை விளம்பரத்தில் எழுதுங்கள்.